தொட்டி வாயில் தாட்சாயிணி

தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே இறங்கித் தேய்ப்பார். இன்னொருத்தர் மேலே, தொட்டி வாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். வெட்டிப் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். அதுதான் அவருடைய வேலை. உள்ளே இருக்கிறவன் பதில் சொல்லும் வரைக்கும் நல்லாயிருக்கிறான் என்று அர்த்தம். பதில் நின்றால் அந்த நிமிஷமே ஆளை வெளியே எடுத்தாக வேண்டும்.

காட்டுப்பாக்கம், நூம்பல், வேலப்பன்சாவடிப் பக்கம் அடுக்குமாடிகளில் தரைக்குக் கீழே கட்டிய சம்ப் தொட்டியைக் கழுவ ஆள் கேட்டால் தாட்சாயிணி பேரைத்தான் சொல்வார்கள். இறங்குவதும் பாசி தேய்ப்பதும் அவள் புருஷன் கன்னியப்பன். பேர் மட்டும் மேலே உட்கார்ந்திருக்கிறவளுக்கு. அவள் குரல் அப்படி. மூன்றாவது மாடியில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

நான் அம்பத்தூரில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். தொட்டித் தண்ணீரை இறைக்கும் மோட்டாரும் ஹோஸ் பைப்பும் என்னுடையவை. வேலை வந்தால் கூப்பிடுவார்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். அப்படித்தான் பழக்கம்.

தாட்சாயிணி பிறந்தது நூம்பலில். அப்பன் கீரை போட்டவர். அந்த நிலமெல்லாம் மனையாகி இப்போது மேலே வீடுகள் நிற்கின்றன. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. கீரை பிடுங்கக் குனிந்து குனிந்து இடுப்பு போனதைப் பற்றித்தான் சொல்வாள். எட்டாவது முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனிக்கு, சட்டை செக்கிங்குக்குப் போனாள். அங்கே சூப்பர்வைசர் தினமும் சொன்ன ஒரே வார்த்தை, "வாய மூடு." ஒரு நாள் அவள் எழுந்து நின்று, "கை வேல செய்யுது, வாய் சும்மாதானே கீது, அதுக்கு இன்னா உனக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தவள்தான், திரும்பப் போகவில்லை.

கன்னியப்பன் பருத்திப்பட்டுக்காரன். ஒல்லி. கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவன். பேச்சு என்பது கிடையாது. எதற்கும் "உம்" என்பான். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரு தடவை தொட்டி கழுவ வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை. வீட்டுக்காரர்கள் சத்தம் போட, கன்னியப்பன் தானே இறங்கிவிட்டான். இருட்டுக்குள் அவன் தலை மறைந்ததும் இவளுக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில் பேச ஆரம்பித்தாள். எந்த வீட்டில் என்ன குழம்பு, அவன் தங்கச்சி போன மாசம் பேசின பேச்சு, அவன் அம்மா வளையல் விஷயத்தில் செய்த காரியம், எல்லாம். அவன் உள்ளேயிருந்து "உம்", "உம்" என்று சொல்லிக்கொண்டே முழுத் தொட்டியையும் தேய்த்துவிட்டு ஏறி வந்தான். அதுவே தொழிலாகிவிட்டது.

அவன் போடும் "உம்"மில் பல தினுசு உண்டு என்பாள். களைத்துப்போன உம், தண்ணீர் வேண்டும் என்கிற உம், காதில் வாங்காமல் சும்மா போடும் உம். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும். அவள் மட்டும் சட்டென்று, "மூச்சு வாங்குது, மேல வா" என்பாள். அவனும் ஏறி வந்து உட்காருவான். தொட்டி வாயில் ஒரு ஃபேனைப் படுக்க வைத்து உள்ளே காற்று அடிக்க விட வேண்டும் என்பதும் அவள் பிடித்த பிடிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் பிறந்த வீட்டில் விளக்கை "அணை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அபசகுனம். "குளிர வை" என்பார்கள். பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். சாமி விளக்கோடு அதை விட்டுவிடுவார்கள். தாட்சாயிணி ட்யூப்லைட்டு, டிவி, ஸ்டவ்வு எல்லாவற்றையும் குளிர வைப்பாள். முதல் முதலாக என்னிடம், "அண்ணாத்தே, மோட்டார குளிர வை" என்றபோது நான் ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். "இன்னாத்துக்கு பக்கெட்டு? ஸ்விட்ச்ச தட்டு" என்றாள். கன்னியப்பன் அன்றைக்குத்தான் சிரித்தான். நான் பார்த்து அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஈரத் தொட்டிக்குள் கரண்ட் பல்பு இறக்க நான் விடமாட்டேன். அதனால் கன்னியப்பன் நெற்றியில் மாட்டும் சின்ன லைட்டு ஒன்றைத்தான் பல வருஷம் வைத்திருந்தான். போன தைக்குப் பிறகு ஆன்லைனில் ஒரு டார்ச் வாங்கினான். முழங்கை நீளம், கனத்த உலோகம். போலீஸ்காரர்கள் வைத்திருப்பதைவிடப் பெரியது. ஏரிக் கரையில் நின்று அடித்தால் அந்தக் கரையில் மாடு படுத்திருப்பது தெரியும். அதைத் துடைப்பதும் உறையில் போடுவதுமாக இருந்தான். நான் ஒரு தடவை கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் எரியவிட்டுப் பார்த்தேன். தலைப்பக்கம் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது.

"கொதிக்குதேடா இது" என்றேன்.

"கொதிக்காது மாமே. பெட்டியில போட்டுக்கீது பாரு. கூல் ஒயிட்டு" என்றான்.

அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற பேர். பால் மாதிரி வெள்ளை என்று அர்த்தம். இவன் அதைச் சூடாகாத லைட்டு என்று படித்துக்கொண்டான். நான் சொன்னேன். பெட்டியில் அச்சடித்தது பெரிசா, மோட்டார்காரன் சொல்வது பெரிசா? அவன் பெட்டியைத்தான் நம்பினான்.

சண்டை வந்ததும் அந்த டார்ச்சால்தான். ஒரு நாள் வேலை முடிந்து அப்படியே சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போக வேண்டும் என்று தாட்சாயிணி ஒரு நல்ல புடவையைப் பையில் மடித்து வைத்திருந்தாள். அதே பையில் கன்னியப்பன் டார்ச்சைச் சொருகினான். வண்டியில் வரும்போது எதிலோ இடித்து அதன் பட்டன் அமுங்கிவிட்டது. துணிக்குள் புதைந்து எரிந்துகொண்டே வந்திருக்கிறது. குமணன்சாவடி தாண்டும்போது அவள் தொடையில் சுருக்கென்றது. இறங்கிப் பையைத் திறந்தால் புடவை மடிப்பு மடிப்பாகக் கருகி, உள்ளங்கை அகல ஓட்டை.

"தீ வெச்சிட்டியேய்யா எம்பொடவைக்கு!"

"லைட்டுல எங்கமே நெருப்பு கீது? எவனாவது பீடி வுட்டுருப்பான்."

"பைக்குள்ள பூந்து பீடி வுட்டானா? அவன் பேரு இன்னா, சொல்லு."

"கூல் ஒயிட்டுமே அது."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அன்றோடு புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள். கத்துகிறவள் கத்தினால் பயமில்லை. அவள் வாயை மூடிவிட்டதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. வேலைக்கு மட்டும் சேர்ந்தே வந்தார்கள். வண்டியில் இரண்டு பேருக்கும் நடுவில் பக்கெட் உட்கார்ந்திருக்கும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுப்பாக்கத்தில் ஒரு வேலை வந்தது. மூன்று மாடிக் கட்டடம். பெரிய சம்ப். நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டு அறையாகப் பிரித்திருந்தார்கள். சுவரின் அடியில் ஆள் குனிந்து போகும்படி ஒரு வழி. வாய் இருப்பது முன் அறைக்கு மேலே. பின் அறைக்குள் போய்விட்டால் மேலிருந்து வரும் வெளிச்சம் தெரியாது. ஹோஸ் பைப்பை அந்த வழியாக நுழைத்துப் பின் அறைத் தண்ணீரையும் இறைத்தோம்.

கன்னியப்பன் இறங்கினான். தாட்சாயிணி தொட்டி வாயில் உட்கார்ந்தாள். ஆனால் என்னிடம் பேசினாள்.

"அண்ணாத்தே, கீழ கீற ஆள கேளு, பிளீச்சிங் பவுடரு வேணுமான்னு."

"நீயே கேளேன். உன் புருஷன்தானே?"

"எனக்கு எங்க புருஷன்? பொடவய எரிச்சவன் ஒருத்தன் கீறான் உள்ள."

கீழேயிருந்து குரல் வந்தது. "மாமே, மேல கீறவங்ககிட்ட சொல்லு, பிரஷ்ஷ மட்டும் எறக்கச் சொல்லி. வாய எறக்க வேணாம்."

"பாத்தியா! பேச்சப் பாத்தியா! ஊட்ல ஊமை, தொட்டியில தலைவரு!"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கென்ன தபால் வேலையா?" என்று நான் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கேள்வியும் பதிலுமாக வேலை நடந்தது. முன் அறை முடிந்து பின் அறையில் முக்கால்வாசி தேய்த்தாகிவிட்டது. அப்போது கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. மோட்டார் நின்றது. கட்டடத்தில் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் அதைக் கிளப்பத் தெரிந்த வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். நான் உள்ளே குனிந்து, "ஏறி வாடா, கரண்ட் வந்ததும் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஒரு செவுருதான் மாமே பாக்கி. டார்ச்ச ஃபுல்லா வெச்சிக்கிறேன்."

இவள் மட்டும் பேசுகிற நிலையில் இருந்திருந்தால் அவனை அங்கே விட்டிருக்க மாட்டாள். "மேல வாய்யா" என்று ஒரு அதட்டல் போதும். அன்றைக்கு உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஜெனரேட்டரைப் பார்க்கக் கட்டடத்தின் பின்பக்கம் போனேன். இனி சொல்வது, அங்கே இருந்தவர்கள் அப்புறம் சொன்னதைச் சேர்த்தது.

நான் போனதும் நடுவில் பேச ஆள் இல்லை. அந்த நேரம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் தினகரன் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தார். மதுரைக்காரர், ஐ.டி. வேலை, நல்ல மனுஷன்.

"சார், கொஞ்சம் அந்த ஆளுக்கு பேச்சு குடுங்க சார்" என்றாள் தாட்சாயிணி.

"நானா? என்ன பேசறது?"

"இன்னா வேணா பேசுங்க. பதிலு வருதான்னு பாத்தா போதும்."

தினகரன் தொட்டி வாயில் மண்டி போட்டார். "அண்ணே, நல்லாருக்கீங்களா?"

"உம்."

"சாப்டீங்களாண்ணே?"

"உம்."

"பிள்ளைக என்ன படிக்கிறாக?"

"உம்."

"அக்கா, எல்லாத்துக்கும் உம்முங்கிறாருக்கா."

"பதினாறு வருசமா எனக்கும் அதான் சார்."

உள்ளே கன்னியப்பன் செய்த காரியம் இது. இரண்டு கையாலும் தேய்க்க வேண்டும் என்பதால் டார்ச்சை ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் நட்டு வைத்தான். மேல் தளத்தில் வெளிச்சம் பட்டு அறை முழுக்கப் பகல் மாதிரி ஆகிவிட்டது. ஃபேன் காற்று இல்லை, நாலு பக்கமும் சுவர், டார்ச் ஜக்குக்குள் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சூடு எங்கே போகும்? கொஞ்ச நேரத்தில் ஜக்கு இளக ஆரம்பித்தது. வாடை மேலே வந்தது.

தாட்சாயிணி மூக்கை உறிஞ்சினாள். "சார், அந்த லைட்ட குளிர வெக்கச் சொல்லுங்க சார். பிளாஸ்டிக்கு நாத்தம் வருது."

தினகரன் அதைத் தமக்குப் புரிந்தபடி கீழே சொன்னார். "அண்ணே! டார்ச்சு ரொம்பச் சூடாயிருச்சாம். தண்ணில போட்டுக் கூல் பண்ணச் சொல்றாங்க அக்கா!"

அவள் சொன்ன வார்த்தை அப்படியே போயிருந்தால் கன்னியப்பன் பட்டனை அமுக்கியிருப்பான். தினமும் வீட்டில் கேட்கிற வார்த்தை. போனதோ வேறு வார்த்தை. அந்த வாரம் முழுக்க அவள் அவன் பேரில் அக்கறையாகச் சொல்லி அனுப்பிய முதல் பேச்சும் அதுதான். "செரின்னு சொல்லுங்க சார்" என்று பதில் கொடுத்துவிட்டு, துண்டைச் சுற்றி டார்ச்சை எடுத்து, எரிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்த பக்கெட் தண்ணீரில் முக்கினான். பெட்டியில் தண்ணீர் புகாது என்றும் போட்டிருந்ததாம்.

சுர்ரென்றது. வெளிச்சம் இரண்டு தடவை துடித்து அணைந்தது. இருட்டில் தூக்கி உதறினான். உள்ளே இருந்த பேட்டரி புஸ்ஸென்று சீற ஆரம்பித்தது. கை பொசுங்கிக் கீழே போட்டான். புகை கிளம்பியது.

"அய்யோ" என்று ஒரு சத்தம், அப்புறம் இருமல். தாட்சாயிணி மேலே எழுந்துவிட்டாள்.

"யோவ்! கன்னியப்பா! பேசுய்யா!"

பேரைச் சொல்லிப் புருஷனைக் கூப்பிட்ட குரல் பின்பக்கம் ஜெனரேட்டர் அறையில் எனக்குக் கேட்டது. போட்டது போட்டபடி ஓடி வந்தேன். தொட்டி வாயிலிருந்து வெள்ளைப் புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. தொண்டையை அறுக்கும் நெடி. தினகரன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் கால் வைத்துவிட்டார். அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? உள்ள போயி நீயும் வுழுந்தா ரெண்டு பேர எப்டி தூக்குவேன் நானு? வா இப்டி!"

"நான்தாங்க்கா சொன்னேன் அவர்கிட்ட..."

"அப்பால பேசு. இப்ப கம்முனு இரு. அண்ணாத்தே, நீயும் வாய மூடு. எல்லாரும் வாய மூடுங்க!"

மூடினோம். உள்ளே இருமல் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வெறும் தொட்டிக்குள் சத்தம் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு வரும். அவனுக்கும் அப்படித்தான். நம் குரல் நாலு பக்கத்திலிருந்தும் கேட்கும். பின் அறையில் இருட்டு, புகை, குறுக்குச் சுவரின் வழி எங்கே என்று அவன் தடவிக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டால் தப்புப் பக்கம் போவான்.

அது அவளுக்குப் பட்டது. எனக்குப் படவில்லை. ஹோஸ் பைப் தொட்டி வாய் வழியாக இறங்கி, சுவர் வழியைத் தாண்டி, அவன் இருக்கிற அறைத் தரையில் கிடக்கிறது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்து இழுத்து ஆட்ட ஆரம்பித்தாள். ஆட்டிக்கொண்டே கத்தினாள்.

"நிக்காதய்யா! குந்து! கீழ குந்து! காலுகிட்ட ஓசு ஆடுது பாரு! எங்கொரலு வர்ற பக்கம் வராத, ஓசத் தேடு! புடிச்சியா? புடிச்சா ஒரு இழுப்பு இழு!"

ஒன்றும் இல்லை. இருமலும் நின்றுவிட்டது. தினகரன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவள் பைப்பை ஆட்டுவதை நிறுத்தவில்லை. வாயையும் நிறுத்தவில்லை. திட்டினாள். அவன் அப்பன், பாட்டன், அவனுக்குப் பெண் கொடுத்த தன் அப்பன், ஒருத்தரையும் விடவில்லை.

பைப் அவள் கையிலிருந்து வெடுக்கென்று இழுபட்டது.

"புடிச்சிட்டான்!" என்றாள். "வா. அதப் புடிச்சிக்கினே வா. தவந்து வா. செவுத்துல ஓட்ட வரும், தலய குனி."

நான் பைப்பைத் தளராமல் பிடித்துக்கொண்டேன். ஏணி அடியில் அவன் தலை தெரிந்தது. இரண்டு படி ஏறினான், மூன்றாவதில் கை வழுக்கியது. அவள் குப்புறப் படுத்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். நானும் தினகரனும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டோம்.

கண்ணெல்லாம் சிவந்து, மூக்கைச் சுற்றிக் கருப்பு. வலது உள்ளங்கை வெந்து தோல் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் வாந்தி எடுத்தான். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டே அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"தண்ணில போடச் சொன்னேனா நானு?"

"சாருதான் சொன்னாரு..."

"நீங்கதானக்கா குளிர வைக்கச் சொன்னீக?" என்றார் தினகரன்.

"குளிர வைன்னா நிறுத்துன்னு சார்!"

தினகரன் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்ல வெளக்க அமத்துன்னுதான்க்கா சொல்லுவாக" என்றார். யார் பேரிலும் குற்றம் சொல்ல வழியில்லை. அவர் கார்தான் பூந்தமல்லிப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

மூக்கில் குழாய் மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். கைக்கு மருந்து போட்டுக் கட்டினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் நுரையீரல் போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி அங்கேயே வைத்திருக்க வேண்டும், நோயாளி அதிகம் பேசக் கூடாது என்றும் சொன்னார்கள்.

"அதுக்கு நீங்க கவலயே படாதீங்க டாக்டர்" என்றாள் தாட்சாயிணி. "அவரு பேசி நானே பாத்ததில்ல."

அப்புறம் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாரம் முழுக்கப் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசினாள். நர்ஸ் இரண்டு தடவை வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் தொட்டி நன்றாக ஆறின பிறகு, ஃபேனை வைத்துப் புகையைத் துரத்திவிட்டு, நான் அந்த டார்ச்சை எடுத்துப் பிரித்தேன். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் புகாமல் இருக்கப் போட்டிருந்த ரப்பர் வளையம் சூட்டில் சப்பையாகிவிட்டது. கொதிக்கிற டப்பாவைத் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கினால் தண்ணீரை உறிஞ்சும். ஓடிச் சூடான மோட்டாரில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதுவும் அதேதான். பேட்டரி உப்பி ஒரு பக்கம் வாயைப் பிளந்திருந்தது. இவ்வளவு பெரிய வெளிச்சம் இவ்வளவு சின்ன டப்பாவிலிருந்து வந்தால் சூடும் வரத்தான் செய்யும். திறந்த வெளியில் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் காற்று பட்டுப் போய்விடும். பைக்குள், ஜக்குக்குள், தொட்டிக்குள் அடைத்தால் அதற்குப் போக இடமில்லை. சூடானால் நிறுத்தி, அதன் பாட்டுக்கு ஆற விட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். தாட்சாயிணி ஆரம்பத்திலேயே புடவையைக் காட்டிச் சொன்னது வேறென்ன?

அதற்குப் பிறகு அவள் ஒரு சட்டம் போட்டாள். தொட்டிக்குள் ஆள் இருந்தால் இடையில் மூன்றாவது ஆள் பேச்சு இறங்கக் கூடாது. சங்கத்துச் செயலாளர் இல்லை, யார் வந்தாலும் சரி. சண்டை இருந்தால் ஏறி வந்து ரோட்டில் நின்று போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது தொட்டிக்குள்ளேயே நேராகப் போட்டுக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் எத்தனை சுவர் பாக்கி இருந்தாலும் மேலே.

கன்னியப்பன் கை ஆற நாளாயிற்று. அதற்குள் பருத்திப்பட்டில் ஏற்கனவே ஒப்புக்கொண்ட தொட்டி ஒன்று வந்து நின்றது. வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. புடவைக்கு மேல் அவன் சட்டையைப் போட்டு, நெற்றியில் அந்தச் சின்ன லைட்டை மாட்டிக்கொண்டு, தானே இறங்கினாள். தொட்டி வாயில் கன்னியப்பன் உட்கார்ந்தான், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

அழுக்குத் தண்ணீரை இறைக்க நான் மோட்டாருக்கு மறுபடி ஒயர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாய்யா, பேசு!" கீழேயிருந்து குரல் வந்தது.

"இன்னா பேசறது?"

"ஏதாச்சும் பேசு. இல்லாட்டி நான் மேல வந்துடுவேன். இருட்டா கீது இங்க."

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் சுற்றும் முற்றும் தேடி, சுவரில் மாட்டியிருந்த பலகையைக் கண்டுபிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"பார்வையாளர்கள்... வாகனங்களை... வெளியே நிறுத்தவும்."

"அப்பால?"

"குப்பையைத் தரம் பிரித்து... போடவும்."

"அப்பால?"

"கூரியர் ஆட்கள்... லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது."

"அப்பால?"

"பலக முடிஞ்சிபோச்சிமே."

"முடிஞ்சிச்சின்னா குந்திக்கினு இருப்பியா? சரி, இந்த மூலைய போன தடவ தேய்ச்சது யாரு? கையளவு பாசி கீது இங்க."

"நான் எங்க போன தடவ இங்க வந்தேன்? இந்த பில்டிங்கே புதுசுமே."

"புதுசா? போன வருசம் நீதான் எறங்குன. அந்த வாட்ச்மேன் ஒரு தேங்கா குடுத்தான், அத கூட நீ உங்கம்மா ஊட்டுக்கு தூக்கிக்கினு போன."

"தேங்கா குடுத்தது காட்டுப்பாக்கத்துலமே! இங்க ஒரு டீ கூட குடுக்கல!"

"கத்தாத. காது கேக்குது."

"நீதான் கத்துற! எங்கம்மாவ எதுக்கு இழுக்குற இதுல? உங்கப்பன் கத எடுக்கட்டுமா நானு?"

எனக்குத் தெரிந்து கன்னியப்பன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். மாமனார் கதையை எடுத்தான். அவள் மாமியார் கதையை எடுத்தாள். தேங்காய் நாலைந்து தடவை மேலும் கீழும் போய் வந்தது. இரண்டாவது மாடியிலிருந்து ஒரு அம்மா பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க இது, புருஷன் பொண்டாட்டி சண்டையா? கொஞ்சம் நிறுத்தச் சொல்லக் கூடாதா?"

"வேலை நடக்குதும்மா" என்று சொல்லிவிட்டு நான் மோட்டாரைப் போட்டேன்.